சீசன் வீட்டுக் கட்டில்

இலஞ்சியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூன் மாதம் சாரல் இறங்கிவிட்டால் எங்கள் வீடு எங்களுடையது இல்லை. வருஷம் முழுக்க நாங்கள் இருக்கிறோமா போனோமா என்று கேட்காத சொந்தமெல்லாம், அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று டிவியில் காட்டிய அன்றே பாசம் பொங்கி வேன் ஏறிவிடும். வரும்போது கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். போகும்போது என் டப்பாக்களில் என் ஊறுகாய் இருக்கும்.

இதில் அருவியும் அவர்கள் கட்சிதான். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால், "வந்தது வந்தோம், குளிச்சுட்டே போவோம்" என்று தடை நீங்கும்வரை இருப்பார்கள். தடை போட்டதே நான்தான் என்பதுபோல் தினமும் காலையில் என்னிடம் வந்து, "இன்னைக்காவது தொறப்பாவளா?" என்று கேட்பார்கள்.

என் கணவர் நம்பிராஜன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலையில் துப்பாக்கியோடு காவல் நின்றவர். ராயகிரியிலிருந்து அவருடைய அக்கா உமாராணி போன் செய்தால் மட்டும், உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றுகொள்வார். அக்காவுக்குச் சொல்ல அவரிடம் இருப்பது ஒரே பதில்: "சரிக்கா." எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் இருக்கத்தான் ஆண்டவன் சீசனில் வீடு நிறைய ஆள் அனுப்புகிறான் என்பது உமாராணி மதினியின் கண்டுபிடிப்பு. ஆண்டவன் கையோடு ஒரு மூட்டை அரிசியும் அனுப்பியிருக்கலாம்.

என் கல்யாணத்துக்கு அப்பா செங்கோட்டையில் ஆசாரியிடம் சொல்லிச் செய்து கொடுத்த தேக்குக் கட்டில் ஒன்று உண்டு. நாலு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அசையும். அப்பா இப்போது இல்லை. கட்டில் இருக்கிறது. நான் அப்போது தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். நைட் டியூட்டி முடிந்து காலையில் கண்ணெரிச்சலோடு வந்தால், அந்தக் கட்டிலில் மதினியின் வீட்டுக்காரர் பாண்டிராஜ் அண்ணன் தலை நிறைய எண்ணெயோடு குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். நான் அடுக்களையில் காஸ் சிலிண்டர் பக்கத்தில் பாயை விரிப்பேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு சீசனில்கூட என் கட்டிலில் நான் படுத்ததில்லை. தலையணை உறையின் எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரில் அலசுகிற பாக்கியம் மட்டும் எனக்கு உண்டு.

போன வருஷம் எனக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. ஆகஸ்டில் போய்ச் சேர வேண்டும். கணவரும் கூட வரலாம் என்றார்கள். வீட்டுச் சாமானைக் கப்பலில் அனுப்புவதா, விற்பதா என்று நாங்கள் யோசிக்க ஆரம்பித்ததுமே ஊர் முழுக்க அயர்லாந்து நிபுணர்கள் முளைத்துவிட்டார்கள். அங்கே எல்லாம் கிடைக்கும், ஒரு கரண்டிகூடக் கொண்டு போகாதே என்றாள் எதிர்வீட்டுக்காரி. அங்கே ஒன்றுமே கிடைக்காது, உப்பு முதல் கொண்டு போ என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பேரும் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை.

மதினி போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "ஏட்டி வேல்விழி, ஒண்ணையும் விக்கவும் வேண்டாம், கொண்டு போகவும் வேண்டாம். அதது இருக்க எடத்துல அப்படியே இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

எவ்வளவு பெரிய மனசு என்று என் கணவர் உருகினார்.

இருந்தாலும் விலை கேட்டுவைப்போம் என்று தூத்துக்குடியில் கப்பல் பார்சல் கம்பெனி ஒன்றுக்குச் சொல்லியிருந்தேன். அங்கிருந்து ஜெனோ என்கிற தம்பி டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலை நீளம், அகலம், உயரம் அளந்தார். தலையைச் சொறிந்தார்.

"அக்கா, உள்ளதைச் சொல்லுதேன். இந்தச் செலவுக்கு அங்கனயே மூணு கட்டில் வாங்கலாம். மரச்சாமான்னா பூச்சி மருந்து அடிச்சு சர்டிபிகேட் வேற வாங்கணும்."

எனக்கு மெடிக்கல், போலீஸ் சான்று, இங்கிலீஷ் பரீட்சை என்று அயர்லாந்துக்காரர்கள் கேட்டதைப் பார்த்தால் கட்டிலுக்குக் கேட்டது குறைவுதான். ஆனாலும் அவர் சொன்னது நியாயம். அப்பா கொடுத்தது, விற்கவும் மனசு வரவில்லை. சரி, கட்டில் இங்கேயே இருக்கட்டும், மற்றதை விற்றுவிடலாம் என்று பாதி மனசோடு முடிவு செய்தேன்.

பழைய சாமான் வாங்குகிற மணிமுத்து அண்ணாச்சிக்குத் தென்காசியில் கடை. பிரிட்ஜைப் பார்க்க வந்தவர் படுக்கையறையை எட்டிப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்.

"தாயி, இது படத்துல வந்த கட்டில்லா?"

"எந்தப் படத்துல அண்ணாச்சி?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். வீடு வாடகைக்கு விடுகிற வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் என் படுக்கையறை இருந்தது. என் கட்டில், என் பூப்போட்ட விரிப்பு, ஓரத்தில் மடித்து வைத்த என் நர்ஸ் யூனிபார்ம் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. கீழே எழுதியிருந்தது: 'சீசனுக்குக் குடும்ப வீடு. ஐந்தருவிக்குப் பக்கம். தேக்குக் கட்டில், பிரிட்ஜ், கிரைண்டர், பாத்திர வசதி உண்டு. ஆகஸ்ட் முதல். பேச்சிலர்களுக்கு அனுமதி இல்லை.' தொடர்புக்கு என்று இருந்தது மதினியின் நம்பர். பேச்சிலர்கள் வேண்டாம் என்று நினைத்தாளே, அந்த அளவுக்கு என் கட்டில் மேல் அவளுக்கு மரியாதை.

சாயங்காலம் கணவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"பூட்டிக் கெடந்தா கரையான் அரிக்கும்லா," என்றார். "அக்கா இங்க வந்தப்ப கேட்டா. சாவியை அன்னைக்கே குடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"நீ நைட் டியூட்டில இருந்த."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். அழுகை முந்திக்கொண்டது. அந்தக் கட்டிலை விட்டுப் போனால் நான் கடல் தாண்டிப் போயும் பிரயோசனமில்லை. இங்கே எவனோ எண்ணெய்த் தலையோடு அதில் புரண்டுகொண்டிருப்பான், நான் மனசுக்குள் அடுக்களைப் பாயிலேயே கிடப்பேன். வீடு அவருடைய அப்பா வீடு, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் உள்ளே இருக்கிற சாமான் என் சம்பளத்தில் வாங்கியது. கட்டில் என் அப்பா கொடுத்தது. சீசனுக்கு வீட்டை விடட்டும், வெறும் வீடாக விடட்டும் என்று முடிவு செய்தேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் நைட் டியூட்டியில் இல்லைதான், இருந்தாலும் சொல்லவில்லை.

ஜூலைக் கடைசியில் மதினி குடும்பம் வேன் நிறைய வந்து இறங்கியது. எங்களை வழியனுப்பவாம். வழியனுப்ப வந்தவர்கள் மறக்காமல் ஆளுக்கொரு துண்டும் சீயக்காய்ப் பொட்டலமும் எடுத்து வந்திருந்தார்கள். வந்த அன்று அருவியில் வெள்ளம், மறுநாளும் வெள்ளம். பாண்டிராஜ் அண்ணன் கட்டிலில், நான் பாயில். மூன்றாம் நாள் தடை நீங்கியது என்றதும் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். துண்டுகளைச் சுமக்க என் கணவரும் போனார்.

"குளிச்சுட்டு வந்தா பசி கொல்லும். ஆட்டுக்கறி கொஞ்சம் கூடவே வச்சிரு, என்ன?" என்று சொல்லிவிட்டு மதினி வேனில் ஏறினாள்.

வேன் தெருமுனை திரும்பியதும் போனை எடுத்தேன். மணிமுத்து அண்ணாச்சி லோடு வண்டியோடு வந்தார். பிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, நாற்காலி, மற்ற கட்டில்கள், அண்டா குண்டா என்று ஒவ்வொன்றாக ஏறின. நடுவில் ஒரு தடவை அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வீட்டு அண்ணாச்சிக்குத் தெரியும்லா தாயி?"

"வந்ததும் தெரிஞ்சிரும்," என்றேன்.

ஜெனோவும் தூத்துக்குடியிலிருந்து ஆட்களோடு வந்து சேர்ந்தார். கட்டிலைப் பிரித்துச் சாக்கு சுற்றி ஏற்றும்போது கடைசியாக ஒருமுறை கேட்டார். "அக்கா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அங்கன மூணு கட்டில் வாங்கலாம்."

"மூணு வாங்குனா மூணுலயும் ஆள் வந்து படுத்துருவாவ தம்பி. ஏத்துங்க."

மத்தியானம் வேன் திரும்பியது. ஈரத் தலையும் நடுக்கமுமாக எல்லோரும் கறிக்குழம்பு வாசனையை எதிர்பார்த்து உள்ளே வந்தார்கள். கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மதினி ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி, வீட்டுல களவு போயிட்டா?"

"இல்ல மதினி. வித்துட்டேன்."

"கட்டிலு?"

"அது என்கூட வருது."

"கட்டிலைப் போய் யாராவது கப்பல்ல ஏத்துவாவளா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். படுக்கப் போறது நான்."

"நான் ஆளுககிட்டச் சொல்லி வச்சிட்டேனே. அந்தப் படத்தைப் பாத்துல்லா வாரோம்னாவ," என்று வாய் தவறிச் சொன்னாள். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"படத்தை எடுத்துருங்க மதினி. என் யூனிபார்மும் அதுல இருக்கு."

பாண்டிராஜ் அண்ணன் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முக்கியமான கேள்வியை விடாமல் கேட்கிற பழக்கம் உண்டு.

"அப்பம் சோறு?" என்றார்.

"பானையும் போயிட்டு அண்ணே. செங்கோட்டைப் பக்கம் போனா புரோட்டா நல்லா இருக்கும்."

என் கணவர் ஈரத்துண்டோடு நடுக்கூடத்தில் நின்றார். உட்கார நாற்காலி இல்லை. அக்காவை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். எல்லையில்கூட அவர் இப்படித் தவித்திருக்க மாட்டார். கடைசியில் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். புரோட்டா சாப்பிட்டுவிட்டு, எனக்கு ஒரு பொட்டலம்கூட வாங்காமல் தனியாகத் திரும்பி வந்தார். விமானம் ஏறும்வரை இரண்டு பேரும் தரையில் படுத்தோம். எனக்குப் பழக்கம்தான், அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

கார்த்திகை மாதம் கட்டில் அயர்லாந்து வந்து சேர்ந்தது. இங்கே எங்கள் படுக்கையறை ஒரு தீப்பெட்டி அளவு. கட்டிலை உள்ளே மாட்டியதும் கதவு பாதிதான் திறந்தது. கால்மாட்டு வழியாக ஏறித்தான் படுக்க வேண்டும். நான் ஏறி நட்டநடுவில் கைகாலை நீட்டிப் படுத்தேன். சாவியைத் தூக்கிக் கொடுத்தவருக்குக் கூடத்துச் சோபா போதும் என்று விட்டுவிட்டேன். அவரும் கேட்கவில்லை. ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலைக்குப் போவார், வருவார், சோபாவில் காலை மடக்கிக்கொண்டு தூங்குவார். கட்டிலை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய கட்டிலில் எனக்குச் சரியாகத் தூக்கமும் வரவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஜூன். இங்கேயும் சாரல்தான். குளிக்கத்தான் ஆள் வருவதில்லை.

இன்று காலை நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தேன். அவர் காபி கொண்டுவந்து கட்டிலின் ஓரத்தில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். போன் அடித்தது. மதினி. வழக்கப்படி எழுந்து நிற்பார் என்று பார்த்தேன். நிற்க அங்கே இடமில்லை.

"ஏய் தம்பி," என்று மதினியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அங்கயும் இப்பம் சாரலாம்லா. நாங்க ஒரு அஞ்சாறு பேரு மூணு மாச விசாவுக்குப் போடலாம்னு பாக்கோம். ஓட்டலுக்கு என்னத்துக்குத் தண்டம் அழணும்? அதான் கட்டில் இருக்கே."

அவர் என்னைப் பார்த்தார். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். "சரிக்கா" என்ற சத்தம் வருமுன் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று இருந்தது.

"கட்டிலா?" என்றார், அதன் மேல் உட்கார்ந்துகொண்டே. "அதை வித்தாச்சுக்கா."

"அம்புட்டுச் செலவழிச்சுக் கொண்டு போயா வித்திய?"

"ஆமாக்கா. வீட்டுல இடம் பத்தல."

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, சோபாவுக்குப் போகக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். நான் சுவரோரமாக நகர்ந்து அவருக்குப் பாதிக் கட்டிலை விட்டேன்.