நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

பழைய ஐரிஷ் மொழிக்கு ஒரு நிரந்தர விரிவுரையாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் தமிழ்ப் பெண்கள். யூலியாவுக்கு அது முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பதவி கோதைக்குப் போனதும் வயிறு எரியத் தொடங்கியது.

யூலியா ஈழத்திலிருந்து வந்த குடும்பத்தில், ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் வளர்ந்தவள். ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் ஐரிஷ் துறவிகள் இலத்தீன் நூல்களின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகளோடு பதினான்கு வருடங்களைக் கழித்தவள். இன்னமும் தற்காலிக வேலைதான். சென்னையில் கணினி படித்த கோதை இந்த மொழிக்குள் வந்து ஏழே வருடம். இப்போது அவளுடைய புத்தகமும் வந்துவிட்டது. வெளியீட்டில் பேசும்படி துறையில் யூலியாவைத்தான் கேட்டார்கள்.

மூன்று கிழமை பிழை தேடியே வாசித்தாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அகப்பட்டது. ‘வருவான்’ என்று சொல்லும் ஒரு வினையைக் கோதை ‘வந்தான்’ என்று மொழிபெயர்த்திருந்தாள்.

“பிடிச்சிட்டன்,” என்றாள் கணவன் றஜீவிடம்.

“தனியக் கூப்பிட்டுச் சொல்லலாம்தானே?”

“ஏன் தனிய? புத்தகம் எல்லாருக்கும்தானே போட்டவ.”

வெளியீட்டுக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். யூலியா இரண்டு நிமிடம் பாராட்டிவிட்டு அந்தப் பக்கத்தை விரித்தாள். கோதை அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு யூலியாவை ஒருமுறை பார்த்தாள். “அவர் சொல்வது சரி. அடுத்த பதிப்பில் திருத்துகிறேன்,” என்றாள் நோர்வேஜிய மொழியில். யூலியா அன்று இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள்.

வீடு திரும்பும் ரயிலில், இன்னொரு தடவை பார்த்து ரசிக்கப் பக்கத்தைத் திறந்தாள். பிழையான வரியின் முடிவில் சிறிய எண் ஒன்று இருந்தது. தன் பெயர் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில், கடைசிப் பக்கங்களில் இருந்த குறிப்புகளை மட்டும் அவள் அதுவரை புரட்டவேயில்லை. இப்போது புரட்டினாள். ‘இந்த மொழிபெயர்ப்பு யூலியா அருளானந்தனின் முனைவர் பட்ட ஆய்விலிருந்து’ என்றிருந்தது.

இறங்கியதும் அழைத்தாள்.

“கோதை, நீங்கள் ஏன் அங்கை சொல்லேல்லை?”

“எல்லார் முன்னாடியும் எதுக்கு யூலியா? நானும் செக் பண்ணாமதானே எடுத்துக்கிட்டேன்.”

கோதை அங்கேயே சொல்லியிருந்தால் அவளை வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். பதவி, புத்தகம், இப்போது நல்ல மனமும் அவளுக்கே என்றாகிவிட்டது.

நான்கு நாள் இழுத்தடித்த பிறகு, பிழை தன்னுடையதுதான் என்று துறையில் எல்லோருக்கும் யூலியா மின்னஞ்சல் அனுப்பினாள். அன்று மத்தியானமே கோதை அவளுடைய அறைக்கு வந்தாள்.

“சேர்ந்து ஒரு சின்னக் கட்டுரை எழுதலாமா? இந்தத் திருத்தத்தைப் பத்தி. ரெண்டு பேர் பேரும் போட்டு.”

“ஓம்,” என்றாள் யூலியா. சற்றுப் பொறுத்து, “ஆருடைய பேர் முதல்?” என்று கேட்டாள்.

“உங்களோடதே இருக்கட்டும்.”

இதையும் இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிறாளே என்று யூலியாவுக்கு மறுபடி எரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.