ஊர் ஊஞ்சலின் பலகை

செலியமேட்டுப் பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சு ஆட்சியின் கொம்யூன் என்ற ஊராட்சிக்காரர்கள் ஏரிக்கரைத் திடலில் ஊஞ்சல் போட்டார்கள். அதைத் திறந்துவைத்த ஊர்ப் பெரியவர் மணவாளனோ மறுவாரமே பலகையைக் கழற்றித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டி ஆடினார். திருப்பிக் கேட்கப்போன தன் தம்பி மனைவி தையலம்மாளை, "கண்ட பசங்களும் ஆடறதுக்கா?" என்று வாசலிலேயே விரட்டினார்.

அவள் திடலுக்குத் திரும்பினாள். வெறுங்கயிற்றில் தொங்கிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரே அவர் மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தாள்.

மறுநாள் அவருக்கு நடவு. சேற்றைச் சமன்செய்யும் பரம்புப் பலகையைக் காணோம். மாடுகளைக் கழனியில் நிறுத்திவிட்டுத் தேடிக்கொண்டு திடலுக்கு ஓடிவந்தார். பரம்பின்மேல் நாலு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆடினார்கள்.

"இன்னா அக்கிரமம் இது? எம் பரம்பு! நான் எத்த வச்சி சேறு அடிக்கிறது?"

"உங்க வூட்டுக் கூடத்துல ஊர்ப் பலகை ஒண்ணு ஆடுதே மாமா," என்றாள் தையலம்மாள், ஊஞ்சலை இன்னும் வேகமாகத் தள்ளிக்கொண்டே. "அத்தக் கட்டி ஓட்டுங்க!"