பலகையின் இரண்டாவது வரி

பலகையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு வரிகள். இரண்டையும் நான் வாசித்தேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அது ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. எங்கள் வீடு பேர்ண் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில். அப்பாவின் தங்கை கஜலக்சுமி மாமி சோலோதுர்னில் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பண்ணை இருக்கிறது. அங்கே இலையுதிர் காலத்தில் பூசணித் திருவிழா நடக்கும். மாமிதான் போவோம் என்றார். அப்பா காரை ஓட்டினார்.

பூசணிகளை அடுக்கி ஒரு பெரிய மாடு செய்திருந்தார்கள். வைக்கோல் ஈரமாக இருந்தது. உழவு இயந்திரத்தின் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றி வயலைச் சுற்றிக் காட்டினார்கள். மாமி காலில் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தர்மி, மாட்டுக்குப் பக்கத்தில போய் நில்லு. கொஞ்சம் சிரியன்" என்றார் என்னைப் பார்த்து.

"விடுங்கோ மச்சாள். அவள் சிரிச்சா மழை வந்திடும்" என்றார் அம்மா.

எனக்கு இருபத்துநான்கு வயது. பேர்ண் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்து முடித்துவிட்டேன். ஆனாலும் தெரியாத ஆட்களுடன் கதைக்க வேண்டிவந்தால் விலகிப் போய்விடுவேன். மருத்துவரிடம் நேரம் எடுக்கக்கூட மின்னஞ்சல்தான் எழுதுவேன்.

அம்மாவுக்கு அன்று கந்தசஷ்டி விரதத்தின் நான்காம் நாள். பகல் முழுவதும் ஒன்றும் சாப்பிடமாட்டார். மாலையில் பாலும் பழமும் மட்டும். அப்பா சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பதால் விரதம் பிடிப்பதில்லை. ஆனால் ஆறு நாளும் வீட்டில் மரக்கறிதான்.

பூசணி சூப்பின் மணம் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

"இதில இறைச்சி அவிச்ச தண்ணி விட்டிருக்கினமோ எண்டு கேட்டிட்டு வாம்மா."

நான் வரிசை வரைக்கும் போனேன். சூப் ஊற்றிய பெண் நிமிர்ந்து பார்த்தார். நான் திரும்பி வந்தேன்.

"விட்டிருக்கினமாம்" என்றேன்.

அப்பா சூப் குடிக்கவில்லை. பெரிய பொய் இல்லை என்று நினைத்தேன்.

களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு மரவண்டி நின்றது. அதில் சின்னச் சின்னக் காய்கள் குவிந்து கிடந்தன. பச்சையும் மஞ்சளும் வரியோடியவை, முண்டு முண்டாக இருந்தவை, கழுத்து நீண்டவை. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைத் தகரப் பெட்டியில் போடலாம். மாமி ஒரு செம்மஞ்சள் பூசணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வாசல்ல வைக்கப்போறன். எங்கட கட்டடத்தில எல்லாரும் வைச்சிருக்கினம்."

"சாப்பிடுற சாமானை வாசல்ல வைச்சு அழுக விடுறதோ?" என்றார் அம்மா. "இவையளுக்குத்தான் விசர் எண்டா உங்களுக்குமோ?"

மாமி சிரித்தார். அம்மா வண்டிக்குள் குனிந்து வெளிர்பச்சைக் காய் ஒன்றை எடுத்தார். நீண்ட கழுத்து, உருண்ட வயிறு.

"இஞ்ச பார், சுரைக்காய். குட்டிச் சுரைக்காய்."

அதில் நகத்தை ஊன்றினார். பிஞ்சா முற்றலா என்று பார்க்க அம்மா எந்தக் காயிலும் அப்படித்தான் செய்வார். தமிழ்க் கடையில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இங்கே பச்சை ஏப்ரன் கட்டிய பண்ணைக்காரி கொஞ்சத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். அம்மா அடுத்த காயில் ஊன்றினார். அதற்கடுத்த காயிலும். என் காது சுட்டது.

வண்டியின் ஓரத்தில் ஒரு பலகை தொங்கியது. மேலே பெரிய எழுத்தில் காயின் பெயர். கீழே சின்ன எழுத்தில்: அலங்காரத்துக்கு மட்டும், சாப்பிட வேண்டாம்.

"பிள்ளை, அந்தப் பலகையில என்ன எழுதிக் கிடக்கு?" என்றார் அம்மா.

சொன்னால் அம்மா நம்பமாட்டார். சாப்பிடாத காயை எதற்கு வளர்க்கிறார்கள் என்று கேட்பார், சத்தமாக. பண்ணைக்காரியைக் கூப்பிட்டுக் கேள் என்பார். நான் கேட்க வேண்டிவரும்.

"பேர்தான்" என்றேன். "எடுத்திட்டு வாங்கோ அம்மா. எல்லாரும் பாக்கினம்."

அம்மா மூன்று எடுத்தார். ஒன்றை மாமியின் பையில் வைத்தார்.

அம்மா வாழ்க்கையில் ஒருநாளும் அலங்காரத்துக்குக் காய் வாங்கியதில்லை. அது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று காரில் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நித்திரை வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. குளிர்கால நேரத்துக்கு மாறும் நாள். மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் பின்னால் போயிருந்தன. அப்பாவின் வயிறு பழைய நேரத்திலேயே இருந்தது. புது நேரம் பதினொன்றரைக்கே அவர் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டார். நான் எழும்பி, தலை முழுகி, துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு குசினிக்குள் வந்தேன்.

"பசிச்சா போட்டுச் சாப்பிடு" என்றார் அம்மா. "சுரைக்காய் பால்கறி. கொப்பர் முக்கால்வாசி முடிச்சிட்டார். உனக்குக் கொஞ்சம் கிடக்கு."

எனக்கு உடனே உறைக்கவில்லை. சட்டியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்து வாயில் வைத்தேன்.

தொட்டிக்குள் துப்பினேன். நாக்கு சுருண்டுவிட்டது. வாயைக் கொப்பளித்தேன், திரும்பவும் கொப்பளித்தேன். கசப்பு போகவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

"அம்மா, நீங்கள் ருசி பாக்கேல்லையோ?"

"விரதத்தில ஆர் ருசி பாக்கிறது? உப்புக் கூடவோ?"

நான் அப்பாவிடம் திரும்பினேன். அவருடைய கோப்பை துடைத்த மாதிரி இருந்தது.

"அப்பா, இது கசக்கேல்லையோ உங்களுக்கு?"

"நல்லாக் கசந்தது" என்றார் அப்பா. முகத்தில் திருப்தி. "பாகற்காயை விடக் கசப்பு. இந்த நாட்டுச் சுரைக்காய் அப்பிடிப் போல. சீனிக்கு நல்ல மருந்து. குழம்பையும் குடிச்சிட்டன்."

அப்பா காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்கிறவர். எங்கள் வீட்டில் கசப்பு என்றால் நல்லது. யாரும் துப்பமாட்டார்கள்.

அந்தக் கசப்பு ஒரு நஞ்சு. அதன் பெயர் குக்கர்பிற்றசின். சாப்பிடும் பூசணிகளில் அது இல்லாமல் போகும்படி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்தார்கள். அழகுக்கு வளர்ப்பவற்றில் யாரும் அப்படிப் பொறுக்கவில்லை. அவித்தாலும் பொரித்தாலும் அது உடையாது. இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் அதன் மூலக்கூற்றின் வளையங்களை வரைந்து முழுப் புள்ளி எடுத்தேன்.

கைபேசியை எடுத்தேன். 145. நஞ்சு பற்றிய தகவலுக்கான எண். அழைத்தது நான்தான் என்று எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு பெண் எடுத்தார். வயது, எடை, வேறு நோய்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னேன்.

"கசந்ததா?"

"ஆம். மிகவும்."

"அப்படியானால் ஒரு வாயோடு நிறுத்தியிருப்பார்."

"இல்லை. ஒரு கோப்பை. குழம்பையும் குடித்தார்."

அவர் எதையோ தட்டச்சு செய்வது கேட்டது.

"ஒரு கோப்பை முழுவதுமா?" என்றார் பிறகு. குரல் மாறியிருந்தது. "அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். இப்போதே."

அப்பா மறுத்தார். அவர் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறார். எங்களுக்குக் கிட்டவுள்ள அவசரப் பிரிவும் அங்கேதான்.

"விசர்க் கதை கதையாதை. திங்கட்கிழமை நான் துடைக்கப்போற தரை அது. அதில போய்ப் படுக்கிறதோ? ஒரு சுரைக்காய்க்கு."

"அப்பா, அது சுரைக்காய் இல்லை."

"பேந்து என்ன?"

அப்பா எழும்பினார். மேசையைப் பிடித்தார். தொட்டிவரை போய்விட்டார். வாந்தி நிற்கவில்லை. மூன்றாவது முறை அதில் சிவப்பு இழைகள் இருந்தன. அம்மா அதைப் பார்த்தார். "முருகா" என்றார், மெதுவாக. அப்பாவின் உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. நெற்றி குளிர்ந்து ஈரமாக இருந்தது. நான் 144-இல் அம்புலன்சை அழைத்தேன். முகவரியைச் சொல்லும்போது வீட்டு இலக்கம் மறந்துவிட்டது. பதினாறு வருடம் இருக்கும் வீடு.

அவசரப் பிரிவில் அப்பாவின் கையில் ஊசி ஏற்றினார்கள். இரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே இருந்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார். இளம் வைத்தியர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"கசப்பாக இருந்தும் ஏன் சாப்பிட்டார் என்று கேளுங்கள்."

நான் தமிழில் கேட்டேன். அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"கசந்தபடியாத்தான் சாப்பிட்டனான் எண்டு சொல்லு."

சொன்னேன். வைத்தியர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை அதையே சொன்னேன்.

"வேறு யாராவது சாப்பிட்டார்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதிரையின் நுனியில் இருந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அம்மா, எத்தினை காய் சமைச்சனீங்கள்?"

"ஒண்டுதான். ஒண்டு வீட்டில கிடக்கு. மற்றது..." அம்மா எழும்பி நின்றுவிட்டார். "கஜலக்சுமிக்குக் குடுத்தனான். பால்கறி வை எண்டு சொல்லிக் குடுத்தனான்."

தாழ்வாரத்துக்கு ஓடினேன். மாமியை அழைத்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். திரும்பவும் அழைத்தேன். மாமி தனியே இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி. சாப்பாட்டு நேரம். நான்காவது முறை எடுத்தார்.

"தர்மியோ? நீயோ ஃபோன் எடுத்தனி? ஆருக்கு என்ன நடந்தது?"

"மாமி, அந்தச் சுரைக்காயைச் சமைச்சிட்டீங்களோ?"

"எது?"

"அம்மா தந்தது. பச்சைக் காய்."

"ஐயோ, கொம்மாவிட்டச் சொல்லிப்போடாதை" என்றார் மாமி. "வடிவாக் கிடந்தது. பூசினிக்காயோட சேத்து வாசல்ல வைச்சிட்டன்."

சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அப்பா துடைக்கும் தரை. மாமி கைபேசியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்கு இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. வாந்தி நின்றது. நாளை வரை வைத்திருந்து பார்ப்போம், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்றார் வைத்தியர். பலமானவர், தப்பிவிடுவார் என்றும் சொன்னார். அப்பா நித்திரையாகிவிட்டார். அவர் உடுக்கும் சாரமும் பல் தூரிகையும் எடுத்துவர அம்மாவும் நானும் வீட்டுக்குப் போனோம். நேரம் மாறியதால் ஐந்தரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

குசினியில் எல்லாம் விட்டபடியே கிடந்தது. அம்மா சட்டியைக் கழுவவில்லை. தட்டில் இருந்த மற்றக் காயை எடுத்தார். நகம் ஊன்றிய இடம் மண்ணிறமாகக் காய்ந்திருந்தது. அதை என் முன்னால் மேசையில் வைத்தார்.

"பேர்தான் எழுதிக் கிடக்கு எண்டு சொன்னனி."

நான் தலையாட்டினேன்.

"பேரைச் சொல்லு."

சொன்னேன். ஜெர்மன் பெயர். அம்மாவுக்கு ஜெர்மன் வாசிக்க வராது. ஆனால் இருபத்தெட்டு வருடமாகக் காதால் கேட்கிறார். அது சுரைக்காய் இல்லை என்று விளங்கியிருக்கும்.

"அதுக்குக் கீழ?"

பலகையில் இரண்டு வரி இருந்ததை அம்மாவும் பார்த்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அலங்காரத்துக்கு மட்டும்" என்றேன். "சாப்பிட வேண்டாம்."

"கேக்கேல்லை."

"அலங்காரத்துக்கு மட்டும். சாப்பிட வேண்டாம் எண்டு எழுதிக் கிடந்தது. நான் வாசிச்சனான் அம்மா."

அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வேறு யாருடையதோ பிள்ளை வீட்டுக்குள் வந்து நிற்பது போல.

"சூப்பில இறைச்சித் தண்ணி எண்டு சொன்னதும் பொய்யோ?"

"ஓம்."

அம்மா கதிரையில் இருந்தார். விரதப் பால் எடுக்கும் வெள்ளித் தம்ளர் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தவில்லை.

"நான் உன்னட்டத்தானே கேட்டனான்" என்றார். "வேற ஆரிட்டக் கேக்கிறது நான்?"

நான் அப்பாவின் சாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பல் தூரிகை. மூக்குக் கண்ணாடி. குளிசைப் பெட்டி. அம்மா அசையவில்லை.

"நாளைக்குக் கொப்பர் கண் முழிச்ச உடன, நீதான் சொல்லவேணும்" என்றார். "எனக்குச் சொன்ன மாதிரி. முழுக்க."

"ஓம்" என்றேன்.

அம்மாவுக்குக் கேட்கவில்லை போலிருந்தது. இன்னொரு முறை சொன்னேன்.