பதினோராம் அறையின் இருமல்

கல்லூரியின் பதினோராம் எண் அறைக்குள் மூடுபனி இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய வகுப்பில். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஒரு பழைய பிரிட்டிஷ் நாவலின் முதல் அத்தியாயத்தை நடத்திக்கொண்டிருந்தார். கதையில் வரும் மூடுபனி வெறும் மூடுபனி அல்ல, அந்த நகரத்து மனிதர்களின் மனக்குழப்பத்துக்குக் குறியீடு என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, கரும்பலகை மறைந்துவிட்டது. கடைசி பெஞ்சுக்காரர்கள் அதையே சாக்காக வைத்துத் தூங்கினார்கள். மறுநாள் மின்பணியாளர் வந்து மின்விசிறிகளைச் சோதித்து, கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மூடுபனி போகவில்லை.

அந்த அறையில் அவர் எதற்கு விளக்கம் சொன்னாலும் அது வந்துவிடும் என்பது போகப் போகத்தான் எல்லோருக்கும் பிடிபட்டது. உடைந்த கண்ணாடி முறிந்த உறவைக் காட்டுகிறது என்றார். ஆசிரியர் ஓய்வறைக் கண்ணாடி விரிசல் விட்டது, வருஷக்கணக்காக ஒரே கேரியரில் சாப்பிட்ட முதல்வரும் துணை முதல்வரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சாத்திய ஜன்னல் பெண்களின் அடைபட்ட வாழ்க்கை என்றார். எவ்வளவு தள்ளியும் ஜன்னல்கள் திறக்கவில்லை. அடுத்த வாரம் திறந்த ஜன்னலை விடுதலை என்றார். அப்புறம் அவற்றைச் சாத்த முடியவில்லை. பாத்திரங்களின் மனநிலைக்கு ஏற்ப வானிலையும் மாறும் உத்தியை அவர் நடத்தத் தொடங்கியதிலிருந்து, நாளைக்குக் கதையில் யாராவது அழுவார்களா என்று வாட்ச்மேன் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டுதான் குடை கொண்டுவந்தார். மாணவர்கள் அவருக்குக் குறியீடு சார் என்று பெயர் வைத்தார்கள். முதல்வர் எந்தக் குறையும் சொல்லவில்லை. இலக்கியத் தாளில் அந்தக் கல்லூரியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மூச்சில் இழுத்த பாடத்தை யார்தான் மறப்பார்கள்?

இப்படியே சில வருஷங்கள் ஓடின. பிறகு பாடத்திட்டம் மாறியது. புதிதாக வந்ததும் பழைய பிரிட்டிஷ் நாவல்தான். பஞ்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் மூன்றாம் அத்தியாயத்தில் லேசாக இருமுகிறாள். கடைசி அத்தியாயத்தில் இறந்துபோகிறாள். பேராசிரியர் வழக்கமான உற்சாகத்தோடு, இந்த மாதிரி நாவல்களில் இருமல் சும்மா வராது, தொடக்கத்தில் இருமினால் முடிவில் சாவு, இதற்குப் பெயர்தான் முன்னறிகுறி என்று விளக்கினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் அவருடைய மனைவி இருமினார்.

மனைவி கடைவீதியில் மெத்தைக் கடை வைத்திருந்தார். காலை முதல் மாலை வரை பஞ்சிலேயே புழங்கியும் அதுவரை ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தார், பஞ்சுத் தூசி என்றார், மருந்து கொடுத்தார். மருந்து கேட்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் இருமல் ஒரு படி கூடியது. ஒரு வாரம் வகுப்பு நடக்காதபோது, இருந்த இடத்திலேயே நின்றது. பேராசிரியருக்குக் கணக்கு புரிந்துவிட்டது. வெளியே எதுவும் காட்டிக்கொள்ளாமல், ஏழாம் அத்தியாயத்தில் ஆலை முதலாளி கழற்றி வைக்கும் தொப்பியில் பாடத்தை நிறுத்தினார்.

அந்தத் தொப்பியை மாதக்கணக்கில் நடத்தினார். அதன் விளிம்பில் வர்க்க பேதம், உட்புறத்தில் பாசாங்கு, அது தொங்கும் ஆணியில் காலம் என்று இழுத்துக்கொண்டே போனார். அறை முழுக்கத் தொப்பிகள் முளைத்தன. மாணவர்கள் அவற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள். தேர்வு நெருங்கியது. பாதிப் பாடம்கூட முடியவில்லையே என்று பெற்றோர்கள் முதல்வரிடம் சண்டைக்கு வந்தார்கள். துணை முதல்வரோடு பேசாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்த முதல்வர், பேராசிரியரைக் கூப்பிட்டு, முடிக்கிறீரா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

பேராசிரியருடைய மகளும் அதே வகுப்பில்தான் படித்தாள். அப்பா ஏன் தொப்பியை விட்டு நகரமாட்டேன் என்கிறார் என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தேர்வா அம்மாவா என்று தனக்குள்ளேயே போட்டுப் புழுங்கியவள், கடைசியில் கடையில் உறை தைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கடையைப் பூட்டச் சொன்னார்.

மறுநாள் அம்மாவே பதினோராம் அறைக்குப் போய், தொப்பிகளை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பனியில் இருமல் அதிகமானது. பேராசிரியர் புத்தகத்தை மூடப் போனார்.

"என் இருமல் பஞ்சால வருது. அந்தப் பொண்ணோட இருமல் கதையில வருது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு இத்தனை புள்ளைங்க படிப்பக் கெடுக்காதீங்க," என்றார் மனைவி. "படிங்க. நான் கேக்குறேன்."

அவர் படித்தார். அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் விளக்கமே சொல்லாமல், கதையை மட்டும் படித்துக்கொண்டு போனார். மனைவி தினமும் வந்தார். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் ஆலைக்குப் பின்னால் இருந்த அறையில், யாரும் பக்கத்தில் இல்லாமல் இறந்தாள். பேராசிரியர் புத்தகத்தை மூடினார். தேர்வில் கட்டாயம் வரும் கேள்வி அது: அவள் சாவு எதைக் குறிக்கிறது? பிள்ளைகள் பேனாவைத் திறந்து காத்திருந்தார்கள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணையும் குறிக்கல," என்றார் பேராசிரியர். இத்தனை வருஷம் எத்தனையோ சாவுகளை நடத்தியவர், முதல் தடவையாக ஒருத்திக்காக அழுதார். "பாவம், சின்னப் பொண்ணு. அவ சாகாம இருந்திருக்கலாம்."

அந்த அறையில் அவர் சொன்னது எது நடக்காமல் போயிருக்கிறது? மனைவியின் இருமல் அந்த நிமிஷமே நின்றது. கடைசி பெஞ்சில், பனிக்குள் வேறு யாரோ ஒரு சின்னப் பெண் இருமினாள்.

ஒன்றையும் குறிக்கவில்லை, பாவம் என்றே அத்தனை பேரும் தேர்வில் எழுதினார்கள். அந்தக் கேள்விக்கு ஒருவருக்கும் மதிப்பெண் கிடைக்கவில்லை. மகள் ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை, பிறகு பேசினாள். அடுத்த வருஷம் வந்த மாணவர்கள் கடைசி பெஞ்சில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு உட்காரப் பழகிக்கொண்டார்கள். கட்டணம் கட்டாதவளை வருகைப் பதிவில் சேர்க்க முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பேராசிரியரின் மனைவி காலையில் கடைக்குப் போகிற வழியில், மூடி போட்ட டம்ளரில் வெந்நீரை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார். பெஞ்சு ரொம்பக் கட்டையாக இருக்கிறதென்று சின்னதாக ஒரு மெத்தையும் தைத்துப் போட்டிருக்கிறார். சாயங்காலம் வாட்ச்மேன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். இருமல் இப்போது எவ்வளவோ தேவலை என்கிறார்.