மொறிஸ் ஐயா வீட்டு மழைக்குழி

ஒன்பதாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். மொறிஸ் ஐயா செபஸ்தியாம்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய கூலி அது. ஆவணியில் வெட்டிய குழிக்கு ஐப்பசி முடிந்தும் காசு வரவில்லை.

மாரியில் வாவி பெருகினால் தெருவோரக் கான் வழியே வடிந்துபோன தண்ணீர் திரும்பி ஒழுங்கைக்கே வரும். அதனால் அவரவர் கூரைத் தண்ணீரை அவரவர் வளவுக்குள்ளேயே நிலத்தில் இறக்குங்கள் என்று வெள்ளத் தடுப்புத் திட்டக்காரர்கள் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்துச் சொன்னார்கள். முதல் ஆளாகக் கையைத் தூக்கியவர், ஒழுங்கையின் மேட்டில் பெரிய ஓட்டு வீடு வைத்திருக்கிற மொறிஸ் ஐயா. விறாந்தையோரம் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, கருங்கல் நிரப்பி, கூரைத் தண்ணீர் வடியும் பீலிக் குழாயை அதற்குள் இறக்கிவிட்டவன் செபஸ்தியாம்பிள்ளை.

"மழை பெய்யட்டும் செபஸ்தி. வேலை செய்யுதா எண்டு பாத்துத் தாறன்."

பிறகு எப்போது போனாலும் அதே கதைதான். அவர் மனைவி ஜீன் அம்மா தேத்தண்ணியும் கேக்கும் தருவா. காசு மட்டும் வராது. தின்று தின்று கேக்கைக் கண்டாலே அவனுக்கு எரிச்சல் வந்தது.

ஒழுங்கையின் பள்ளத்தில் கடைசி வீடு அவனுடையது. மாரிக்கு மாரி மேட்டுத் தண்ணீரெல்லாம் அவனுடைய அடுப்படிக்குள் வந்துதான் ஓயும். அந்தக் கூலி கிடைத்தால் சீமெந்து வாங்கி வாசற்படியை உயர்த்திவிடலாம்.

படி உயரவில்லை. மாரி வந்துவிட்டது. ஒரு பகல் முழுக்கக் கொட்டியது. அவனும் மனைவி அஞ்சலாவும் அரிசியையும் பாயையும் கட்டிலில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். தண்ணீர் படிவரை வந்து நின்றது. உள்ளே வரவில்லை.

மறுநாள் தோளில் மண்வெட்டியோடு, தூறலில் மொறிஸ் ஐயா வீட்டில் போய் நின்றான்.

"குழி வேலை செய்யுது ஐயா. காசத் தாங்க."

"உன்ட வீட்டுக்குள்ள தண்ணி வந்ததா?"

"இல்ல."

"ஏன் வரல்ல? என்ட கூரைத் தண்ணி இஞ்சயே இறங்கிற்று. படி உயர்த்தத்தானே காசு கேட்டாய்? இனிப் படி என்னத்துக்கு? பாக்கப்போனா நீதான் எனக்குத் தரவேணும்!"

செபஸ்தியாம்பிள்ளை மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினான்.

"அப்ப நான் வெட்டின குழிய நானே மூடிற்றுப் போறன்."

பின்னால் குடையோடு ஓடிவந்த அஞ்சலா அலறினாள். "உங்களுக்கென்ன பைத்தியமா? மூடினா நம்மட அடுப்படிக்குத்தான் தண்ணி வரும்!"

மொறிஸ் ஐயா சிரித்தார். "பொஞ்சாதி சொல்றதக் கேளு."

மூடவும் முடியாது, சும்மா போகவும் முடியாது. என்ன சீவியமடா இது! தூறல் பெருமழையாகியது. அவன் பீலிக் குழாயைக் குழியிலிருந்து பிடுங்கி, அதன் வாயை விறாந்தைப் பக்கம் திருப்பினான். ஓட்டுத் தண்ணீர் முழுக்க மொறிஸ் ஐயாவின் சாய்மனைக் கதிரைக்குக் கீழே பாய்ந்தது. அவருடைய செருப்பு இரண்டும் மிதந்தன.

"டேய், என்னடா செய்றாய்?"

"உங்கட தண்ணிய உங்கட வளவுக்குள்ளயே விட்டிருக்கன் ஐயா. திட்டம் அதுதானே?"

சத்தம் கேட்டு ஜீன் அம்மா வெளியே வந்தா. விறாந்தையைப் பார்த்தா, புருசனைப் பார்த்தா.

"மொறிஸ், ஒண்டில் காசக் குடுங்க. இல்லாட்டி இதை நீங்களே வழிச்சு ஊத்துங்க."

அவர் அசையவில்லை. அவவே கைப்பையைக் கொண்டுவந்து எண்ணினா. ஒன்பதாயிரத்து எழுநூற்றைம்பது.

"கேக் ஒரு துண்டு?"

"வேணாம்மா. கும்பிட்டன்."

காசை அஞ்சலாவின் கையில் வைத்துவிட்டு, செபஸ்தியாம்பிள்ளை குழாயை மறுபடி குழிக்குள் இறக்கினான்.