எல்லார் முகமும்

நான் கைப்பையை ஆணியில் மாட்டுவதற்குள் பட்டாணி கேட்டுவிட்டாள்.

"மிஸ், நீங்க அழுதீங்களா?"

இல்லை என்றேன். பேருந்திலிருந்து இறங்கியதும் தெருக்குழாயில் இரண்டு முறை முகம் கழுவியிருந்தேன். ஆனால் அவள் என் கண்களைப் பார்க்கவில்லை. தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். "இங்க ஆடுது."

"இது பட்டாணி இல்லம்மா, எக்ஸ்ரே மெஷின்," என்றார் சமையல் அக்கா, பால் தம்ளர்களை அடுக்கியபடி. "நேத்து என்னைப் பார்த்து, அக்கா சிரிக்கிறீங்க, ஆனா கோவமா இருக்கீங்கன்னு சொல்லுது. என் வீட்டுக்காரருக்கு இத்தனை வருஷமா தெரியாதது இதுக்குத் தெரியுது பாருங்க."

பட்டாணிக்கு நாலரை வயது. வயதைவிடச் சின்ன உருவம் என்பதால் அந்தப் பெயர். நான் விலங்கியல் படித்தவள். ஆய்வகம் எதிலும் இடம் கிடைக்காமல் இந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்தேன். குழந்தைகளுக்கு உணர்ச்சிகளின் பெயர்களைச் சொல்லித்தருவது என் வேலைகளில் ஒன்று. முகப் படங்களைக் காட்டுவேன். கோபம், பயம், வருத்தம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பட்டாணி சொல்லிவிடுவாள். பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் முன்னால், காப்பகத்தை நடத்தும் மேடம் அவளைத்தான் கொண்டுவந்து நிறுத்துவார்.

அடுத்தது கைக்கண்ணாடி. அதில் தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே மட்டும் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. கண்ணாடியைச் சாய்த்து, தன் தோளுக்குப் பின்னால் தெரிந்த என் முகத்தைத் தேடினாள்.

"நான் எப்படி இருக்கேன் மிஸ்?"

"அதை நீதான் சொல்லணும்."

என்னையே பார்த்தாள். நான் அறியாமல் புன்னகைத்திருக்க வேண்டும்.

"சந்தோஷமா," என்றாள்.

இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பா செருப்பு ரெண்டும் ஒண்ணா விழுந்தா பரவால்ல. ஒண்ணு மட்டும் தூரமாப் போய் விழுந்தா நான் கட்டிலுக்கு அடியில போயிடுவேன்." மழை வந்தால் குடை பிடிப்போம் என்கிற மாதிரி சொன்னாள்.

"அம்மா?"

"அம்மா பெரிசு. உள்ள வர முடியாது."

முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கும். பின்னால் வருவதுகூட அதற்குத் தெரியும். தன் மூக்கின் நேர் முன்னால் இருப்பதுதான் தெரியாது. தேர்வுக்காகப் படித்த வரி அது. அன்று மாலை முழுவதும் அது மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மேடத்திடம் சொன்னேன். "குழந்தை மேல காயம் ஏதாவது இருக்கா? இல்லேல்ல? அப்புறம் அது அவங்க குடும்ப விஷயம். நமக்கெதுக்கு வம்பு?" என்றார். காயம் இல்லைதான். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். பதிலாக, எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மற்ற குழந்தைகள் தூங்கும் நேரத்தில் பட்டாணியை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நெஞ்சில் கை வை. இப்போது வயிற்றில். எங்கே இறுக்குகிறது? அதற்கு என்ன பெயர்? பல வாரங்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளப் பழகினேன்.

பிறகு ஒருநாள், அவள் அடுக்கியிருந்த கட்டைகளை ஒரு பையன் எட்டி உதைத்தான். பட்டாணி எழுந்து நின்றாள். "எனக்குக் கோவம் வருது!" குரல் சமையலறைவரை கேட்டது. அக்கா கரண்டியோடு ஓடி வந்து கைதட்டினார். நானும் தட்டினேன். குழந்தைகள் எல்லோரும் தட்டினார்கள். அடுத்து வந்த நாட்களில் அவள் அதை மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

ஒரு காலையில் அவளுடைய அம்மா சால்வையால் காதுவரை மூடிக்கொண்டு வந்தார். பட்டாணியின் முழங்கைக்கு மேலே வீங்கிக் கன்றியிருந்தது.

"நேத்து அவர் முன்னாடி வந்து நின்னுட்டா மிஸ். எனக்குப் பயமா இருக்கு, அம்மாவ விடுங்கன்னு சொல்றா. இதுவரைக்கும் அவர் அவ மேல கை வெச்சதே இல்ல. அவ ஒருத்தி இருக்கறதே அவர் கண்ணுல படாம பாத்துக்கிட்டேன். அப்படித்தான் இத்தனை நாள் காப்பாத்தினேன்." குரலில் கோபம் இல்லை. "நீங்கதான கத்துக்குடுத்தீங்க. நீங்களே மறக்க வைங்க."

தலையாட்டினேன். அவர் தெருமுனை திரும்பியதும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். அம்மாவையும் வரவழைத்திருந்தார். குழந்தை தன் வாயால் சொன்னால் அன்றைக்கே இருவரையும் பாதுகாப்பான விடுதிக்கு அழைத்துப் போகலாம், சொல்லாவிட்டால் தன்னால் ஆவது குறைவு என்றார். அம்மாவைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார். என்னைக் கடந்து போகும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "ஆபீசர் வந்தது அவருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு நாங்க என்ன ஆவோம் மிஸ்?"

அதிகாரி நல்ல மாதிரி. குழந்தைகள் நாற்காலியிலேயே முழங்கால்கள் மார்பில் இடிக்க உட்கார்ந்தார்.

"கை எப்படி வீங்குச்சு கண்ணு?"

பட்டாணி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவள் பார்வை கதவுக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றது. அம்மாவின் முகத்தில் எதுவுமே அசையவில்லை. எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

"விழுந்துட்டேன்."

"அப்பாவப் பார்த்தா பயமா இருக்குமா?"

"இல்லயே. சந்தோஷமா இருக்கும்."

பல்வரிசை முழுதும் தெரியச் சிரித்தாள். அதிகாரி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

பட்டாணியின் நாற்காலிக் காலோரமாக ஈரம் இறங்கியது. தரையில் சின்ன வட்டமாகத் தேங்கி, பிறகு தரை ஓடுகளின் இடுக்கு வழியே மெல்ல நகர்ந்து, அதிகாரியின் காலணி நுனியைத் தொட்டது. பட்டாணி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போன அதிகாரி குனிந்து பார்த்தார்.