ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மூடி

போன பௌர்ணமியன்று, ஒரு சொட்டு மழைகூட இல்லாமல், அச்சகத்துக்குள் கணுக்காலளவு உப்புத்தண்ணீர் வந்தது. தெரு வடிகாலின் குழாய் வழியாகக் கடலே ஏறி வந்திருந்தது. கொதித்துப்போன அச்சகக்காரர், வாசலிலிருந்த வடிகால் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்.

இன்று பிற்பகல் கனமழை என்று அறிவிப்பு வந்தது. நகராட்சியில் வடிகால் பொறியாளராக இருக்கும் அவருடைய மனைவியின் தங்கை, கடப்பாரையோடு வந்து நின்றாள். உள்ளே நாலாயிரம் பாடப்புத்தகங்கள் தரையோடு அடுக்கிக் கிடந்தன. நாளை பள்ளிகளுக்குப் போக வேண்டியவை.

"அதை மட்டும் தொடாதம்மா. இப்பதான் கடலை வெளிய நிறுத்தியிருக்கேன்."

"நிறுத்துனீங்க, சரி அத்தான். மழைத்தண்ணி எந்த வழியாப் போகும்? உங்க மேஜைக்கு அடியிலயா?"

"இவரு சொன்னா வீட்லதான் யாரும் கேக்கல, தண்ணியாவது கேக்கும்னு நெனச்சிருப்பாரு" என்றாள் அவர் மனைவி, உள்ளே தாள் அடுக்கியபடியே.

குழாய்க்கு உள்ளே, வெளியே என்ற பேதமெல்லாம் கிடையாது. எந்தப் பக்கம் தண்ணீர் உயரமோ, அங்கிருந்து மறுபக்கம் ஓடவிடும். அதைப் பதித்த காலத்தில் கடல் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. பிறகு கடல்நீர் சூட்டில் விரிந்தது, உருகிய பனியும் சேர்ந்தது. இப்போது கடல் ஏறும் வேளையில் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கிவிடுகிறது.

"குழாயோட கடல்முனையில ரப்பர் மூடி மாட்டியாச்சு அத்தான். தெருத்தண்ணி தள்ளுனா திறக்கும். கடல் தள்ளுனா தானே மூடிக்கும்."

அவர் யோசித்தார். "கடல் நாலு மணிக்கு உச்சம். அப்பவே மழையும் கொட்டுனா? மூடி மூடிக்கிட்டுல்ல நிக்கும்!"

அவள் முகம் மலர்ந்தது. "அப்படிக் கேளுங்க! அதுக்குத்தான் தெருக்கோடியில தொட்டியும் பம்பும். மூடி மூடியிருக்கிற நேரம் பம்பு தண்ணியத் தூக்கிக் கடல்ல கொட்டும். ஆனா உங்க வாசல் தண்ணி தொட்டிக்குப் போகணும்னா, இந்த வாய் திறக்கணும்."

அவர் புத்தகங்களை ஒருமுறை பார்த்தார். "கொடு இங்க. அடைச்சவனே உடைக்கிறேன்."

மூன்று மணிக்கு மழை பிடித்தது. தண்ணீர் அச்சக வாசலின் முதல் படியை மூழ்கடித்து, இரண்டாவதைத் தொட்டது. பம்பின் உறுமல் தெருக்கோடியிலிருந்து கேட்டது. தண்ணீர் அங்கேயே நின்றது. ஐந்தரைக்குக் கடல் இறங்கியதும் மூடி தானாகத் திறந்து, தெரு வடியத் தொடங்கியது.

"கடல் இன்னும் ஒரு சாண் ஏறுனா?" என்றார் அவர்.

"பம்பு பெருசாகணும். அளவெடுத்து அனுப்பியாச்சு."

அவர் உள்ளே திரும்பி ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். "புத்தகத்தையெல்லாம் கட்டு போடுங்கப்பா, காலைல வண்டி வந்துரும்!"